அம்மாவுக்கு நினைவில்லை, பில்லுக்கு அளவில்லை!

சென்னை:
மேற்கு மாம்பலம் குமாஸ்தா ஒருவர், மறதி நோய் கண்ட தாயாரை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார். மாதம் 25 ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. போன மாத பில்லோ 41 ஆயிரம்!

"தனி ஆயா போட்டோம் சார்" என்றார் மேனேஜர்.

"எந்தெந்த நாள்? ரிஜிஸ்தரைக் காட்டுங்க."

"கட்ட முடியலேன்னா அம்மாவை அழைச்சிட்டுப் போயிடுங்க!"

தாயாரிடம் கேட்டார். "ஆயாவா? நீ யாருப்பா?" என்றார் அவர். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நாள்வாரிக் கணக்கை எழுத்தில் கேட்டிருக்கிறார். மசியாவிட்டால் 1915-க்கு போன் செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அம்மா சாட்சி சொல்ல முடியாது, அவைதான் சொல்லும்!