பால் சட்டியோடு மடியில் வர வேண்டிய பை

செமோரிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் மனத்தாங்கல் ஒன்றுண்டு: குத்துவிளக்கையும் உப்பையும் மஞ்சளையும் பால் சட்டியையும் மூத்த சுமங்கலி மடியில் ஏந்திக் காரில் வருகிறாள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோ லாரியின் அடியில், எந்த மூட்டையில் என்று எவருக்கும் தெரியாமல் வருகின்றன.

அண்மையில் ஒரு வீட்டில், மைலோ டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தின் மேல் கிச்சாப் போத்தல் உடைந்து, தகப்பன் பெயர் எழுதிய வரி மட்டும் கறுத்துப் போயிற்று. "காஞ்சா சரியாயிடும்" என்று அந்த வீட்டு அம்மாள் அதைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கரண்டி வைத்திருந்தார்.

இது அற்ப விஷயமன்று. பத்திரமற்ற இந்தியர்களைத் தேடிப் பதிய 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டி வந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். கெட்டுப்போன பத்திரத்துக்குத் தேசியப் பதிவு இலாகாவில் பதிவேட்டுப் பிரதி கேட்டு வாங்கலாம். ஆனால் ஒரு நகல் குறைகிறது, நாளை வா என்று கவுண்டரில் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு உங்கள் ஒரு நாள் கூலி கணக்கில்லை.

ஆகவே தனியாக ஒரு கைப்பை வையுங்கள். அடையாள அட்டைகள், பிறப்பு, திருமணப் பத்திரங்கள், வீடு வாங்கிய ஒப்பந்தம் அல்லது முத்திரை வைத்த வாடகை ஒப்பந்தம், கிளினிக் புத்தகத்தோடு ஒரு வார மருந்து, டார்ச் விளக்கு, சில்லறைப் பணம். லாரியில் ஏற்றாதீர்கள், மைத்துனர் மோட்டாரிலும் அனுப்பாதீர்கள்.

முதல் இரவு இருட்டில் கழியாதிருக்க, மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று குடிபோகும் முன்பே கேளுங்கள். அடையாள அட்டை நகல், ஒப்பந்த நகல், டெபாசிட் பணம் ஆகியவற்றோடு தெனாகா நேஷனல் கவுண்டருக்கும், தண்ணீருக்குப் பேராக் நீர் வாரியத்துக்கும் போக வேண்டும். சாவி கைக்கு வந்த அன்றே இரண்டு மீட்டர்களையும் படம் எடுத்துக்கொண்டால், முன்பு இருந்தவர் பாக்கி உங்கள் தலையில் விழும்போது காட்டுவதற்கு ஒரு சாட்சி இருக்கும். முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் பதிவு இலாகாவில் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். பழைய தோட்ட முகவரியையே அட்டையில் வைத்திருப்பவரின் ஓட்டும் பழைய தொகுதியிலேயே கிடக்கும்.

புது வீடானால், சாமான் இறக்கும் முன் வெறும் சுவர்களையும் தரையையும் படம் எடுங்கள். அலமாரி வந்த பிறகு விரிசல் நீங்கள் உண்டாக்கியதென்று மேம்பாட்டாளர் வாதிப்பார். வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழான ஒப்பந்தப்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை, எழுத்து மூலம் அறிவித்த 30 நாட்களுக்குள் அவர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். எழுத்து மூலம் என்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் திட்டுவது அறிவிப்பாகாது. கடிதத்தின் நகலில் அவர்கள் அலுவலகச் சாப் குத்தித் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், வீடமைப்பு அமைச்சின் கீழுள்ள வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணத்தில் முதல் பாரத்தை நிரப்பி, 50,000 வெள்ளி வரை வழக்கறிஞரின்றியே கோரலாம். அந்த 24 மாதம் முடிந்தபின் 12 மாதங்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

சாப் குத்திய அந்த நகலும் அதே கைப்பையில்தான் இருக்க வேண்டும், மைலோ டின்னில் அல்ல.