வெள்ளத்திற்கு முன்னே

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரியாறு பாறைகளுக்கிடையே அருவியாய் வீழ்கிறது. ஆடிப்பெருக்கன்று மக்கள் அங்கே திரள்திரளாய்க் கூடுவர். கருநாடகத்துக் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி மிகுநீர் திறக்கப்படுமாயின், அமைதியாய் ஓடிய ஆறு சின்னாளிற் கரைபுரளும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வினாடிக்கு 2 இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் அவ்வழியே பாய்ந்தது. நீராடுவதும் பரிசல் செலுத்துவதும் தடுக்கப்பட்டன.

பெருகிவரும் நீர் கண்ணுக்குப் புலனாகும். அதனைத் தொடர்ந்து வரும் நோயோ புலனாகாது. வெள்ளம் கழிவுகளை அடித்துச் சென்று கிணறுகளிலும் உடைந்த குழாய்களிலும் சேர்த்துவிடும். வாந்திபேதி, காமாலை, குடற்காய்ச்சல் ஆகியவை இவ்வாறே பரவுகின்றன. ஆகவே பொதுச் சுகாதாரத் துறையினரின் பணி வெள்ளம் வருமுன்னரே தொடங்க வேண்டியதாகிறது.

அவர்கள் கையிலுள்ள எளிய படைக்கலம் பிளீச்சிங் பவுடர் என்னும் வெளுப்புத்தூள். புதிய தூளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. வெப்பமும் ஒளியும் ஈரமும் பட்டால் அதன் ஆற்றல் நாளடைவிற் குறைந்துவிடும். சென்ற ஆண்டு வாங்கி மூலையில் அடுக்கிய மூட்டைகள் கணக்கேட்டில் நிறைவாகவே காணப்படும். கிணற்றில் இட்டாலோ பயன் தாரா. கணக்கேடு கிருமியைக் கொல்வதில்லையன்றோ! கலங்கல் நீரும் குளோரினை விழுங்கிவிடும். எனவே வண்டலைத் தெளியவிட்டுத் தூளைக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துச் சோதிப்பர். மருந்துத் துளி பட்டதும் நீர் மஞ்சள் நிறங்கொண்டால் குளோரின் எஞ்சியுள்ளது என்பது பொருள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் நன்று. நிறம் தோன்றாவிடின் மீண்டும் தூளிட வேண்டும்.

இத்தகைய பணிகளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், திருவிழாக் கூட்டங்களுக்கான சுகாதார ஏற்பாடுகளைப் பற்றியும் பேசுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சூறையாடியபோது, பிற மாவட்டச் சுகாதாரப் பணியாளரும் அங்கே விரைந்தனர். நீருக்குக் குளோரின் இட்டனர். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டனர். பலரும் அஞ்சிய கொள்ளைநோய் அங்கே தலைகாட்டவில்லை.

தருமபுரிக்கு ஆறு மட்டுமன்று, மலையும் உண்டு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் பெருமழை பாதையைத் துண்டித்துவிடக்கூடும். பேதியால் உடல்நீர் வற்றிய குழந்தை, பாதை சீராகும்வரை காத்திராது. உப்பும் சர்க்கரையும் உரிய அளவிற் கலந்த நீரை அவ்வப்போது புகட்டினால் அதன் உயிர் நிற்கும். அதற்கான பொட்டலங்கள் மழைக்கு முன்பே மலையேறி, ஊர்ச் செவிலியிடம் சேர்ந்திருத்தல் வேண்டும்.