கருத்தில்லாப் பாட்டுக்கு ஒரு படம்

ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் தாயும் மகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். தாய் தையல் வேலை செய்கிறார். மகள் சித்திரம் படிக்கிறாள். வகுப்பில் அவளுக்குக் கிடைத்த ஒப்படை, கருத்தில்லாத ஒரு பாட்டுக்குப் படம் வரைவது.

பாட்டின் பெயர் 'ஜாபர்வொக்கி'. எழுதியவர் ஒக்ஸ்போர்ட்டில் கணிதம் படிப்பித்த லூயிஸ் கரோல். முதற் பகுதியை 1855இல் தன் வீட்டார் வாசிக்க எழுதினார். முழுப் பாட்டும் 1871இன் கடைசியில், அவரது இரண்டாவது அலிஸ் கதைப் புத்தகத்தில் வெளிவந்தது. அதிலுள்ள பல சொற்கள் எந்த அகராதியிலும் இருந்ததில்லை, அவரே உண்டாக்கியவை. என்றாலும் கதை விளங்கும். காட்டில் ஒரு பயங்கர மிருகம். ஒரு பையன் வாளோடு போய் அதன் தலையைக் கொண்டு வருகிறான். தகப்பன் அணைத்து மகிழ்கிறார். தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை!

கருத்தில்லாத பாட்டால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். தாலாட்டில் வரும் 'ஆராரோ'வுக்குக் கருத்துக் கேட்டா பிள்ளை உறங்குகிறது?

இப்பாட்டுக்கு முதலில் படம் வரைந்தவர் ஜோன் டெனியல். இருபது வயதில் தகப்பனோடு வாள் பயிற்சி செய்தபோது கண்ணில் காயப்பட்டு, காலப்போக்கில் அந்தக் கண்ணின் பார்வையை இழந்தவர். தகப்பன் மனம் நோகும் என்று காயத்தின் கடுமையை அவரிடம் சொல்லவேயில்லை. அவர் வரைந்த மிருகத்துக்குச் செட்டை, நீண்ட நகம், பொத்தான் போட்ட மேற்சட்டையும் உண்டு. எதிரே வாளோடு நிற்கும் சிறு உருவம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. நீண்ட கூந்தல், பெண்பிள்ளை என்றே தோன்றும்.

இந்தப் படத்தைப் புத்தகத்தின் முகப்பில் போடத்தான் முதலில் எண்ணினார்கள். பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று கரோலுக்குச் சந்தேகம். ஆகவே 1871இல் ஏறக்குறைய முப்பது தாய்மாருக்குப் படத்தை அனுப்பி, முகப்பில் போடலாமா, உள்ளே போடலாமா, விட்டுவிடலாமா என்று கேட்டார். முடிவில் மிருகம் உள்பக்கத்துக்குப் போனது. முகப்பில் ஒரு குதிரை வீரன் வந்தான். தாய்மாரின் சொல்லுக்கு அன்று அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறார்.

நம் மாணவியோ தாயிடம் கேட்கவில்லை. வரைந்ததை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். 2009இல் வன்னியிலிருந்து வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் வரைந்த மிருகம் வானத்திலிருந்து இறங்கியது.

வீடு கூட்டும்போது தாய் கண்டுவிட்டார்.

"இது என்ன பிள்ளை, கிபிரோ?"

"இல்லையம்மா, பாட்டில வாற மிருகம்."

தாய் நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் கிடந்த டெனியலின் படத்தையும் பார்த்தார். "வெள்ளைக்காரன் இதுக்குச் சட்டை போட்டிருக்கிறான். நீ ஏன் வெறும் மேலோட விட்டனி?" என்றார். இருவருக்கும் சிரிப்பு. பிறகு சொன்னார்: "பங்கருக்குள்ள நீ அழாமல் இருக்க நானும் வாயில வந்ததெல்லாம் பாட்டாச் சொன்னனான். ஒண்டுக்கும் கருத்தில்லை." மகளுக்கு அது நினைவில்லை. "சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டாள். தாய்க்குப் பாதிதான் வந்தது.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண், வர்ணம், கதை, கூத்து என்று சேர்ந்து விளையாடினார்கள். யுத்தத்தை வரை என்று பிள்ளையை நெருக்கினால் அது விசாரணையாகிவிடும். இல்லாத மிருகம் ஒன்றை வரையச் சொன்னால், விரும்பியதை வைக்கவும் விடவும் பிள்ளைக்கு இடமிருக்கிறது.

ஒப்படை கொடுத்தாயிற்று. மிருகத்துக்கு இப்போது சட்டை உண்டு, பொத்தான் ஒன்று குறைவு. அது தாயின் யோசனை. கீழ் மூலையில் மண்குழிக்குள் ஒரு பெண், மடியில் பிள்ளை, வாய் திறந்து ஏதோ பாடுகிறாள். பாட்டில் இல்லாத ஆளை ஏன் சேர்த்தாய் என்று வகுப்பில் கேட்டார்களாம்.