மீன் தொட்டி மேசை: சாய்வைவிட முறுக்கே ஆபத்து

கோலாலம்பூர், கிள்ளான் வட்டார வீடுகளில் அரோவானா வளர்க்க ஆறடித் தொட்டி வாங்கி, மேசையை மட்டும் சொந்தமாகப் பலகையில் அடித்துக்கொள்வோர் உண்டு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 680 கிலோ. கண்ணாடி, மணல், கல்லின் எடை தனி. அடுக்குமாடி வீட்டில் அது உடைந்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேதம்தான்.

தொட்டி ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருப்பதைவிட, மேசை முறுக்கியிருப்பதுதான் மோசம். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் அடிக்கண்ணாடி வளைந்து, சிலிகோன் ஒட்டு நாளடைவில் பிரியலாம். ஆகவே ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் வைத்துப் பார்க்க வேண்டும். நீள மட்டம் இல்லாதவர்களுக்குக் கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப் கைகொடுக்கும்.

கார் நிறுத்தும் முன்வாசல் மழைநீர் வடியச் சரிவாகவே கட்டப்படுகிறது. அங்கு வைப்பவர்கள் மேசைக் காலுக்கு அடியில் ஆப்பு கொடுக்க வேண்டும். மரத்துண்டு ஈரத்தில் உப்பும், பிளாஸ்டிக் நல்லது. தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே எதையும் செருகக்கூடாது. சுமை அந்த ஒரே இடத்தில் இறங்கும். அடிச்சட்டம் இல்லாத தொட்டிக்கு விரிக்கும் ஃபோம் சிறு மேடுபள்ளத்தைச் சமாளிக்குமே தவிர, சாய்வைச் சரிசெய்யாது.

முதலில் கால்வாசி நிரப்பி, நான்கு மூலைகளிலும் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் தண்ணீரை இறைத்த பிறகே ஆப்பைத் தொடுங்கள்.