தோட்டாவுக்கும் கணக்கு உண்டு

தேசிய சேவையில் எங்களுக்குத் தோட்டாக்களை எண்ணித்தான் தந்தார்கள். 5.56 மில்லிமீட்டர் தோட்டா, சுண்டுவிரல் நீளம்தான். மண் ஒட்டியிருந்தால் துடைத்து, நசுங்கியிருந்தால் சார்ஜண்டிடம் கொடுத்துவிட்டுப் பிறகே மெகசினில் போடவேண்டும். எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் மெகசினில் 30 தோட்டாக்கள் பிடிக்கும். உள்ளிருப்பது வெளியே தெரியும் என்பதால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், மெகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நம்பிவிடாதீர்கள். அறைக்குள் ஒன்று தங்கியிருக்கலாம்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கத்தான் கை துடிக்கும். கூடவே கூடாது. முனை இலக்கை நோக்கியே இருக்கட்டும். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திக் கையைத் தூக்குங்கள். குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும்.

பயிற்சி முடிந்ததும் வெற்று உறைகளைப் பொறுக்கி எண்ணுவோம். வெயிலில் அலுப்பான வேலைதான். கணக்கு சரியாகும்வரை யாரும் கிளம்பமுடியாது. பிறகு ஒவ்வொருவராக, தோட்டாவோ வெற்று உறையோ தன்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு.

அடுத்த மாதம் புலாவ் தெக்கோங் செல்லும் என் தம்பியோ, “நினைவுக்கு ஒரே ஒரு உறை எடுத்துவரலாமா அண்ணே?” என்கிறான். பையைத் தைத்துவிடு என்றேன்.