சீர்மையே துல்லியம்: ‘6 பிபிசி’ தோட்டா

துப்பாக்கியை மேசைமீது தாங்கியில் வைத்துச் சுட்டு, குண்டுகள் துளைத்த இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதை அளந்து வெற்றியைத் தீர்மானிக்கும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டிக்கென, அமெரிக்காவில் அறுவை மருத்துவர் லூயி பால்மிசானோவும் கருவி தயாரிப்பாளர் ஃபெரிஸ் பிண்டெலும் 1975-இல் உருவாக்கியதே ‘6 பிபிசி’ தோட்டாவாகும். ‘.220 ரஷ்யன்’ என்னும் முந்தைய தோட்டாவின் பித்தளைக் கூட்டை அடிப்படையாகக் கொண்ட அவர்கள், அதன் கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்கேற்ப விரித்து, கழுத்துக்கும் உடலுக்கும் இடைப்பட்ட தோள்பகுதியை 30 பாகைச் சரிவில் அமைத்தனர். கூடு குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதோடு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் சிறியதாக இருப்பதால், எரிதல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே சீராக நிகழ்ந்து, குண்டுகளின் வேகம் அதிகம் மாறுபடாமல் காக்கப்படுகிறது. துல்லியத்திற்கு மிகுந்த ஆற்றலைவிட மாறாத சீர்மையே முதன்மையானது என்பதை, குறுந்தொலைவுப் போட்டிகளில் இத்தோட்டா பல்லாண்டுகளாகப் பெற்றுவரும் வெற்றிகள் உறுதிசெய்கின்றன.