மீன் தொட்டி டியூப்: நறுக்கிக் கொடுப்பதோடு வியாபாரம் முடிவதில்லை



வீட்டில் கலர் மீன் வளர்க்கும் பழக்கம் பரவி வருகிறது. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம் தெருத் தெருவாக நடப்பதை நாம் அறிவோம். அந்தத் தேவையை ஒட்டி மளிகைக் கடைக்காரர்களும் ஃபேன்சி ஸ்டோர்காரர்களும் மீன் தீனி, ஏர் பம்ப், டியூப் முதலியவற்றைப் பக்கச் சரக்காக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவற்றில் டியூப்பைத்தான் பலரும் அலட்சியமாக விற்கிறார்கள். சில ரூபாய்ச் சரக்குதான். ஆனால் மீனுக்குக் காற்று போவதும், சில வேளை தொட்டித் தண்ணீர் மின்சாரப் பக்கம் வந்துவிடுவதும் அதன் வழியாகத்தான்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

வீட்டுத் தொட்டிக்கான டியூப்பின் பொதுவான அளவு உள்விட்டம் 4 மி.மீ., வெளிவிட்டம் 6 மி.மீ. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்பும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அளவு பெரிதானால் பம்பின் மூக்கில் பிடிக்காது.

பி.வி.சி. டியூப் விலை குறைவு. நாளாக ஆக மஞ்சளித்து விறைத்துவிடும். விறைத்த முனை தளர்ந்து காற்று கசியும். சிலிக்கான் டியூப் விலை கூடுதல். ஆனால் பல ஆண்டுகள் மெதுவாகவே இருக்கும். இரண்டையும் வைத்திருந்து, வித்தியாசத்தைச் சொல்லி விற்பதே நல்லது. வாங்கும்போது டியூப்பை விரலில் வளைத்துப் பாருங்கள். லேசாக வளைத்ததுமே மடிந்து அடைத்துக்கொண்டால் அந்த ரோலைத் திருப்பிவிடலாம்.

ரோலை வெயிலில் தொங்கவிடக் கூடாது. பினாயில், ஆசிட், பூச்சி மருந்து அருகிலும் வைக்கக் கூடாது. முத்திரையிட்ட மீட்டர் கோலால், இழுக்காமல் அளக்க வேண்டும். இழுத்து அளந்தால் வாடிக்கையாளர் வீட்டில் அது குறையும். நம் பெயரும் சேர்ந்து குறையும்.

பொருத்தும் முறை

முனையைப் பிளேடால் நேராக வெட்ட வேண்டும். விறைப்பான பி.வி.சி. முனையைச் சற்று வெந்நீரில் நனைத்தால் எளிதாக ஏறும். எண்ணெய் தடவக் கூடாது. பிடிப்பு வழுக்கும், தண்ணீரிலும் படலம் கட்டும். பழைய முனை தளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி பொருத்தலாம். இதற்காகவே அளவில் சிறிது கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் டியூப்பை ரப்பர் சக்ஷன் கப்பால் கண்ணாடியோடு பிடிக்க வைக்கலாம். நூலோ கம்பியோ கொண்டு இறுக்கிக் கட்டினால் காற்று தடைபடும். மூடியின் விளிம்பில் டியூப் நசுங்காமலும் பார்க்க வேண்டும். டியூப் அடிக்கடி கழன்றால் ஏர் ஸ்டோன் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

2012-ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை நாம் மறக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லாவிட்டாலும் கரண்ட் போய் வருவது உண்டு. பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் டியூப்புக்குள் ஏறும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், சில வேளை விளிம்பைத் தாண்டி பம்புக்குள்ளேயே இறங்கிவிடும். பம்ப் கெடும், தரை நனையும். மீண்டும் கரண்ட் வரும்போது அந்த ஈரத்தில் யாராவது கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே "அண்ணாச்சி, ஒரு மீட்டர் டியூப் கொடுங்க" என்று கேட்டவுடன் நறுக்கிவிடாதீர்கள். "பம்ப்பை எங்கேம்மா வெச்சிருக்கீங்க, தொட்டிக்கு மேலயா, கீழயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டிக்குள் விழாத இடத்தில் வைப்பதே நல்லது. முடியாதவர்களுக்கு நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். சிறிய பிளாஸ்டிக் உருப்படிதான். வாயால் ஊதினால் ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. காற்று தொட்டியை நோக்கிப் போகும்படி, தொட்டிக்கு வெளியே பொருத்த வேண்டும். மேலே வைப்பவர்களும் போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

இரண்டு மீட்டர் டியூப், ஒரு வால்வு, நான்கு சக்ஷன் கப் சேர்த்து ஒரு செட்டாகக் கொடுத்தால் விற்பனையும் கூடும். முன்கூட்டியே பாக்கெட் போட்டு வைப்பவர்கள், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி விலை, அளவு முதலிய விவரங்களை அச்சிட வேண்டும்.

வால்வில் கிடைக்கும் லாபம் சொற்பமே. ஆனால் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது போகிறது என்பதை நினைவில் வைத்து, கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.